பதினெட்டு கறுப்புப் புள்ளிகள்

செப்டம்பர் 11

சின்னவளே,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. நான்கு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அம்மாவைக் கேட்டால் "அவ குளிக்கிறா" என்கிறாள். நான்கு தடவையுமா குளிக்கிறாய்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் பல் க்ளினிக் வேன் எங்கள் பள்ளிக்கு வர வேண்டும் என்று மூன்று மாதம் ஹெச்.எம். பின்னால் அலைந்தவள் நான். "என் தங்கச்சி அங்கதான் மேடம் வேலை பாக்கறா" என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். டாக்டரம்மாவை டீ குடிக்க ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் சுவரில் இருந்த என் பல் சார்ட் நாலு துண்டாகத் தரையில் கிடக்கிறது. நாற்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ வேனில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

அந்த சார்ட் என்னவென்று தெரிந்தா கிழித்தாய்? இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கோடு போட்டேன். தினமும் காலை பிள்ளைகள் வரிசையில் நின்று "ஈ" காட்டுவார்கள். பல் சுத்தமாக இருந்தால் தங்க நட்சத்திரம். இல்லையென்றால் கறுப்புப் புள்ளி. புள்ளி வாங்கினவர்கள் குழாயடியில் நின்று பல் தேய்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வர வேண்டும். தொடங்கிய அன்று பதினாறு பேர் குழாயடியில் நின்றார்கள். இப்போது ஒரே ஒருத்தி. மற்ற பள்ளிகளுக்கும் இதைக் காட்டலாம் என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது உனக்குத் தெரியும்.

"உங்க தங்கச்சிக்கு ஏதாவது பிரச்சனையா டீச்சர்?" என்று ஹெச்.எம். கேட்டார். நான் என்ன சொல்லட்டும்?

டாக்டரம்மாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தெரியாமல் இல்லை. பதில் எழுது.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

போனில் எனக்கு வாய் வராது. நீ மூன்று வார்த்தை பேசுவதற்குள் நான் "சரி" என்று சொல்லிவிடுவேன். எதற்குச் சரி சொன்னேன் என்று பிறகு உட்கார்ந்து யோசிப்பேன். எழுதினால் அப்படி இல்லை. பேசினால் அழுகை வருகிறது, எழுதினால் கோபம் மட்டும்தான் வருகிறது.

சார்ட்டைக் கிழித்தது தப்பு. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

நீ டீ குடிக்கப் போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ வாசலில் நின்று அடுத்த வகுப்பை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா பிள்ளைகளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுத்தார். அதைக் கடித்து, வாய் முழுக்கச் சுழற்றி, துப்ப வேண்டும். பல்லில் எங்கெல்லாம் அழுக்கு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்து "ஏய், நீ பூதம்டா" என்று கத்திச் சிரித்தார்கள். உன் தங்க நட்சத்திரக்காரர்கள்தான். முன் பல் வெள்ளை, பக்கத்துப் பல்லெல்லாம் சிவப்பு. "ஈ" காட்டும்போது தெரிகிற நாலு பல்லை மட்டும் தேய்க்கிறார்கள் அக்கா.

நான் துப்புகிற வாளியையும் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தாள் மஞ்சள் ரிப்பன் கட்டின பெண். பல்லில் பழுப்புப் பட்டை. என் பல்லில் இருக்கிற அதே பட்டை. மாத்திரையைக் கடித்துத் துப்பினாள். டார்ச் அடித்தேன். சிவப்பே இல்லை. ஒரு பல்லிலும் இல்லை. "இந்த கிளாஸ்லயே சுத்தமான வாய் இதுதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு கீழ் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு முழுக்கக் கீறல்.

"என்னம்மா போட்டுத் தேய்ச்சே?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கம்பி நார்."

"எது, பாத்திரம் தேய்க்கிறதா?"

"ஆமா. பவுடரும்."

"யாரு அப்படித் தேய்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. புள்ளி போகணும்ல."

டாக்டரம்மா மருந்து தடவி, அட்டையில் எழுதிவிட்டு உன்னோடு டீ குடிக்க வந்தார். மாஸ்க்கைக் கீழே இழுத்துத் தண்ணீர் குடித்தேன். வேலை நேரத்தில் நான் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. ரிப்பன் என் வாயைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கும் புள்ளி வைப்பாங்களா?"

சுவரைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேராகப் பதினெட்டு கறுப்புப் புள்ளி. ஒரு நாள்கூட விடாமல்.

நான் கத்தவில்லை, வாயே திறக்கவில்லை. கைதான் போனது.

சின்னவள்


செப்டம்பர் 19

சின்னவளே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பு ஒரு வரி, குற்றச்சாட்டு ஒரு பக்கம்.

நீ கிழித்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன், கேள். உன் ரிப்பனை மதிய இடைவேளையில் பிள்ளைகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "உன்னாலதான் எங்க ஸ்டார் எல்லாம் போச்சு. உன்னை மாதிரியே பல் இருக்கற அக்கா வந்து கிழிச்சுட்டாங்க." ஒருவன் அவள் பையைத் தூக்கிக் குழாயடியில் போட்டிருக்கிறான். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்றோடு எட்டு வேலை நாள். தொடர்ந்து முப்பது வேலை நாள் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் அம்மா துணி தேய்க்கிற கடை வைத்திருக்கிறாள். பெண் வீட்டில் இருந்தால் துணி மடிக்க ஒரு ஆள் கிடைத்தது என்று விட்டுவிடுவாள். நல்லது செய்யப் போனாயா நீ?

கம்பி நாரால் தேய்க்க நான் சொல்லவில்லை. ப்ரஷ், பேஸ்ட், மேலும் கீழும், இரண்டு நிமிடம். அதைத்தான் சொன்னேன். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்றுதான் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, பக்கம் நாற்பத்திரண்டு. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

உனக்குக் கோபம் வந்தது அந்தப் பெண்ணுக்காக இல்லை. எனக்குத் தெரியும். நீயும் நானும் ஒரே வீட்டில், ஒரே பேஸ்ட்டில் வளர்ந்தவர்கள். என் பல்லையும் பார், உன் பல்லையும் பார். "ராத்திரி தேச்சியா, தேச்சியா" என்று எத்தனை வருஷம் உன் பின்னால் ஓடியிருக்கிறேன்! அப்போது கேட்டிருந்தால் இன்று மாஸ்க் போட்டு மறைக்க வேண்டியதில்லை.

நீ எட்டாவதோடு பள்ளியை விட்டதற்கும் இப்போது என்மேல்தான் பழி போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கினவள் யார்? நானா?

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

எட்டு நாளாக அவள் வரவில்லை என்பதைப் படித்தேன். அதில் என் பங்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் கிழித்துவிட்டு ஓடினேன், அடி அவளுக்கு விழுந்தது. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் மீதி இருக்கிறது.

நாம் போர்வெல் தண்ணீர் இருக்கிற வீட்டுக்குக் குடிவந்தபோது உனக்குப் பத்து வயது, எனக்கு ஒன்று. உன் பல்லெல்லாம் அதற்கு முன்னாலேயே ஈறுக்குள் வளர்ந்து முடிந்துவிட்டது. என் பல் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது. அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தையின் பல் உள்ளே உருவாகிற காலத்தில் அதைக் குடித்தால் இந்தப் பட்டை விழும். வெளியே வரும்போதே கறையோடுதான் வரும். எந்த பேஸ்ட்டாலும் போகாது. க்ளினிக்கில் சேர்ந்த முதல் வாரமே டாக்டரம்மா என் வாயைப் பார்த்து, "சின்ன வயசுல போர் தண்ணியா குடிச்சே?" என்றுதான் கேட்டார். தேய்ப்பாயா என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் கருவி கழுவுகிற ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதை உனக்கு அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீயாகக் கேட்பாய் என்று இருந்தேன்.

கணக்கு மார்க்கைப் பற்றிச் சொன்னாய். சரி, நான் ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நீ டீச்சர் பயிற்சி படித்தபோது எங்கள் பள்ளிக்கே வந்து மாதிரி வகுப்பு எடுத்தாய். நான் எட்டாவது. பின்னால் பெரிய நோட்டோடு பரீட்சகர் உட்கார்ந்திருந்தார். பாடம்: பல் பாதுகாப்பு. நீ படம் கொண்டுவர மறந்துவிட்டாய். "இங்க வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டாய். பாசமாகத்தான் கூப்பிட்டாய். அதனால்தான் எழுந்து வந்தேன். "வாயைத் திற" என்றாய். என் தாடையைப் பிடித்து வகுப்பு முழுக்கத் திருப்பிக் காட்டினாய், ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், பரீட்சகர் பக்கம். "ஒழுங்கா தேய்க்கலைன்னா இப்படித்தான் ஆகும். எல்லாரும் பாத்துக்கோங்க." அவர் நோட்டில் ஏதோ எழுதினார். உனக்குத்தான் அந்த வருஷம் முதல் மார்க். ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தாய், எனக்குப் பெரிய துண்டாக எடுத்து வைத்தாய்.

மறுநாள் "வயிறு வலி" என்றேன். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து அம்மா "விடு, அவளுக்குப் படிப்பு ஏறல" என்றாள். நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தக் கவரில் இரண்டு சிவப்பு மாத்திரை வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். நீயே கடி. கண்ணாடியைப் பார். பிறகு பக்கம் நாற்பத்திரண்டை எனக்குப் படித்துக் காட்டு.

டாக்டரம்மா அன்று உன்னிடம் கொடுத்துவிட்டு வந்த நாற்பது பிள்ளைகளின் அட்டையையும் பீரோவிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார். நீ பிரித்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

சின்னவள்


செப்டம்பர் 29

சின்னவளே,

ஒரு வாரமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு அப்படி ஆனதே கிடையாது.

மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடித்தேன். கோபத்தோடுதான் கடித்தேன், உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்று. கண்ணாடியில் பார்த்தால் மை குடித்தவள் மாதிரி இருக்கிறேன். கடைவாய்ப் பல்லெல்லாம் சிவப்பு. கீழ் வரிசையில் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. முன்னால் இருக்கிற ஆறு பல் மட்டும் வெள்ளையாகச் சிரிக்கிறது. நான் நாளுக்கு இரண்டு தடவை தேய்க்கிறவள்! உட்கார்ந்து பத்து நிமிடம் தேய்த்தேன். உதட்டில் ஒட்டினது போகவே இல்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் ஒரு பொடியன் "டீச்சர், உங்களுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டான். முன் வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டைக் கட்டையும் பிரித்தேன். ரிப்பனுடைய அட்டையில் டாக்டரம்மா பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்: "கறை தண்ணீரால் வந்தது. வாய் மிகச் சுத்தம். கடினமாகத் தேய்க்க விடாதீர்கள்." இருபது நாளாக அது என் பீரோவில் இருந்தது.

அந்த மாதிரி வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நினைவே இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. படம் மறந்துவிட்டேன், பதற்றமாக இருந்தது, கூட்டத்தில் நீ ஒருத்திதான் எனக்குத் தெரிந்த முகம். நீ என் தங்கை, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைத்திருப்பேன். தப்புதான். மன்னித்துவிடு.

இப்போது ஒரு உதவி. அடுத்த வெள்ளி இங்கே வா. என் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் உன் பல்லைக் காட்டு. இது தண்ணீரால் வந்தது, அழுக்கு இல்லை என்று நீயே சொல். சிவப்பு மாத்திரையைக் கடித்துக் காட்டு. உன்னைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ரிப்பன் வீட்டுக்கும் செய்தி போகும், அவளும் வந்துவிடுவாள். பஸ்ஸுக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அக்கா


அக்டோபர் 2

அக்கா,

மாட்டேன்.

அன்று கெட்ட பல்லுக்கு என் வாயைத் திறந்து காட்டினாய். இப்போது நல்ல பல்லுக்குத் திறந்து காட்டச் சொல்கிறாய். இரண்டு தடவையும் எழுந்து வர வேண்டியது நான், வகுப்பு உன்னுடையது. என் வாய் என்ன, உன் சுவரில் மாட்டுகிற சார்ட்டா?

மன்னிப்பு என்று எழுதி, அடுத்த வரியிலேயே உதவி என்று எழுத உன்னால்தான் முடியும்.

புள்ளி வைத்தது நீ. பிள்ளைகளிடம் நீ சொல். உன் வெள்ளைப் பல்லை வைத்துக்கொண்டு, உன் வாயால், "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல். பிறகு அந்தத் துணி தேய்க்கிற கடைக்கு நீ போ. பிள்ளைகளை அனுப்பாதே, ஆயாவை அனுப்பாதே, நீ போ. முப்பது நாள் என்று எனக்கு எழுதினாயே, எண்ணிக்கொண்டிருக்கிறாயா? நான் எண்ணுகிறேன்.

சின்னவள்


அக்டோபர் 10

சின்னவளே,

நீ எழுதினதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் சொன்னேன்.

சொல்வது அவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. "நான் வைத்த புள்ளி தப்பு. அவள் பல்தான் இந்த வகுப்பிலேயே சுத்தம்" என்றேன். முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "அப்ப புக்ல இருக்கறதும் தப்பா டீச்சர்?" என்றாள். "ஆமாம், அந்த ஒரு வரி தப்பு" என்றேன். "அடிச்சிடலாமா?" என்றாள். நாற்பது பேரும் ஸ்கேல் வைத்துப் பக்கம் நாற்பத்திரண்டில் ஒரு வரியை அடித்தார்கள். என்ன உற்சாகம் தெரியுமா! இன்னும் வேறு எதை அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். ஹெச்.எம். பார்த்தால் என் கதி என்னவோ.

சார்ட் இனி கிடையாது. வாரம் ஒரு நாள் மாத்திரை, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி. அவரவர் வாயை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவன் வாயை எட்டிப் பார்க்கக் கூடாது. பையைத் தூக்கிப் போட்டவன் கடைவாயில் சிவப்பைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே குழாயடிக்கு ஓடினான்.

ஆனால் அவள் வரவில்லை.

மூன்று நாள் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் அவள் அம்மா தேய்ப்புப் பெட்டியை நிறுத்தவே இல்லை. "எங்க பொண்ணுக்கு வாய் புண்ணா இருக்கு. ஆறட்டும் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு வந்துதானே புண்ணாச்சு?" என்றாள். நான் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் அவளும் பேசவில்லை, நானும் நகரவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன். துணி வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ரிப்பன் தானாக வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

"அப்ப நாளைக்கு வர்றியா?"

"இல்ல டீச்சர். அந்த சார்ட் கிழிச்ச அக்கா எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "எட்டாவதோட நின்னுட்டா" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப படிக்காமலே பல் டாக்டர் கூட வேலைக்குப் போலாம்! நானும் போறேன். அதுவரைக்கும் துணி மடிக்கிறேன்." அவள் அம்மா உள்ளேயிருந்து, "நல்ல யோசனைதான்" என்றாள்.

இப்போது நான் என்ன சொல்லட்டும்? புள்ளி வைத்தவள் நான், அதை நான் துடைத்துவிட்டேன். இது நான் துடைக்கக்கூடியது இல்லை. நீ வந்து ஆக வேண்டும் என்று எழுதவில்லை. எழுத எனக்குத் தகுதி இல்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் வராமல் இருபத்து மூன்று வேலை நாள் ஆகிறது.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

இதைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் டிரைவரைக் கேள்.

உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், சொன்னால் நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாய். உன் கடிதம் வந்த அன்று எனக்கு உன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரியது. பள்ளியை விட்டால் என்னை மாதிரி ஆகலாம் என்று ஒரு குழந்தை ஆசைப்படுகிறது! இதைவிடக் கேவலமாக யாரும் என்னைத் திட்டினது கிடையாது.

காலை ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். அவள் அம்மா கரியை ஊதிக்கொண்டிருந்தாள். ரிப்பன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள், காலரைச் சரியாகத் திருப்பி, கை இரண்டையும் பின்னால் விட்டு. நன்றாகத்தான் மடிக்கிறாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா! என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"என்ன வேலைன்னு தெரியுமா உனக்கு?"

"பல் டாக்டர் வேலை."

"இல்ல. நான் எச்சில் வாளி கழுவறவ."

"அன்னைக்கு டார்ச் பிடிச்சீங்களே?"

"டார்ச்சும் பிடிப்பேன். உள்ள என்ன இருக்குன்னு டாக்டர் சொல்லுவாங்க. அட்டையில எழுதறதும் அவங்கதான். உன் வாய்தான் சுத்தம்னு அவங்களுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். ஆனா நான் பாத்ததை யாரும் எழுத மாட்டாங்க. மருந்து பாட்டில்ல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்க வராது. மூடி கலரைப் பாத்துதான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை மூடி மாத்திப் போட்டிருந்தாங்க. நல்லவேளை, டாக்டர் மோந்து பாத்தாங்க."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்ப ஏன் படிக்கல?"

"கோபம்."

"யார் மேல?"

"உங்க டீச்சர் மேல."

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர் மேல கோபம்னா டீச்சரைத்தானே வெளிய அனுப்பணும்? நீங்க ஏன் வெளிய வந்தீங்க?"

அக்கா, நான்கு வருஷமாக உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது. இந்தக் கேள்வி ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவள் அம்மா ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. "தெரியல. அதான் உன்னைப் போகச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். "கோபம் இருந்தா இருக்கட்டும். கோபத்தோடவே உள்ள போய் உக்காரு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தேய்த்து வைத்திருந்த யூனிஃபார்மை எடுத்து அவள்மேல் போட்டாள். அதை எப்போது தேய்த்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

கேட் வரைக்கும் கூட்டி வந்தேன். கையை விட மாட்டேன் என்றாள். அப்போதுதான் நீ வந்தாய். "உள்ள வா, ரெண்டு பேரும் வாங்க" என்றாய். அவள் கை உன் கைக்குப் போனது. அவள் உள்ளே போனாள், நான் திரும்பி நடந்தேன். பின்னால் நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரிதான் நடந்தேன்.

ஏன் நிற்கவில்லை என்று கேட்பாய். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வந்தது வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். நீ மூன்று நாள் அவள் வாசலில் நின்றாய் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமை வந்தது. எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமை. நான் வயிறு வலி என்று பள்ளிக்குப் போகாமல் இருந்த அந்த வாரம் எனக்காக யாரும் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

போதும். இறங்கும் இடம் வந்துவிட்டது.

அவள் வராத நாள் இருந்தால் எனக்கு எழுது. வந்த நாட்களுக்கு எழுத வேண்டாம்.

சின்னவள்


அக்டோபர் 18

சின்னவளே,

அவள் நான்கு நாளும் வந்தாள். எழுத வேண்டாம் என்றாய், எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சனி, ஞாயிறு, திங்கள். திங்களுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "தங்கை பள்ளிக்கு வரவில்லை" என்று எழுதினேன். ஹெச்.எம். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

நீ கதவைத் திறக்க வேண்டாம். அம்மாவையும் திறக்க விடாதே. உள்ளே இருந்துகொண்டே திட்டு, வேலைக்குப் போகும்போது என்னைச் சுற்றிக்கொண்டு போ. நான் வாசலில்தான் நிற்பேன். நீ கத்தினால் நானும் கத்துவேன், எனக்கும் கோபம் இருக்கிறது. நான்கு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாயே, அந்தக் கோபம்.

அக்கா